விலையை ஏன் மறைக்க வேண்டும்?

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும், வீட்டிலேயே முறுக்கும் கேக்கும் செய்து விற்றவர்கள் பலர் முகநூலையும் புலனத்தையும் நாடினர. கடை வாடகை இல்லை, கைப்பேசியே கடை. இவ்வாய்ப்பு இன்றும் குறையவில்லை.

ஆனால், அவர்களுள் சிலரிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுள்ளது. பலகாரத்தின் படம் கண்ணைப் பறிக்கும். விலை மட்டும் இருக்காது. “விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்” என்றிருக்கும். போட்டியாளர் விலையை அறிந்துவிடக்கூடாது என்ற அச்சமே இதற்கு ஒரு காரணம். போட்டியாளரும் தனிச்செய்தி அனுப்பலாமே! வாங்க நினைப்பவரோ, ஆளுக்கொரு விலையோ என ஐயுற்று வேறு பக்கத்திற்குப் போய்விடுகிறார். இது வணிகத்திற்கு நல்லதன்று. சட்டத்திற்கும் பொருந்தாது. மின்வணிகத்திற்கான 2012ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகளே, போக்குவரத்துச் செலவு உட்பட முழு விலையையும் விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்று கூறின.

தீபாவளி நெருங்கும்போது ஒரு போத்தல் முறுக்கின் எடை என்ன, விலை என்ன, கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கு அனுப்ப எவ்வளவு, எந்த நாளுக்குள் முன்பதிவு செய்ய வேண்டும் என்பனவற்றைப் படத்தின் கீழேயே எழுதிவிட்டால், ஒரே கேள்விக்கு நூறு பேருக்குப் பதில் அனுப்பும் வேலை மிச்சம். அந்நேரத்தில் இன்னும் இரண்டு போத்தல் முறுக்கு சுட்டுவிடலாம்.