சும்மாதான் போகிறேன்

மணமேல்குடியிலிருந்து மீமிசல்வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாக சைக்கிளில் போனேன். கோட்டைப்பட்டினம் தாண்டுவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "எங்கம்மா போறீங்க?" "சும்மாதான்" என்றதை ஒருவரும் நம்பவில்லை.

இது புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்ற மண். குவாரி வேலைக்கு, தண்ணீருக்கு, பள்ளிக்கு என்று காரணத்தோடு போகிற பெண்ணுக்கு ஊர் வழிவிட்டது. காரணமில்லாமல் போகிறவளை இன்னும் விசாரிக்கிறது. ஆண் ஊர்சுற்றினால் பயணி. பெண் ஊர்சுற்றினால் அதுவே வசை.

சைக்கிள் பயணத்துக்கு வழி சொல்கிறவர்களும் கடற்கரையையும் கோயிலையும் சொல்கிறார்கள். பெண்கள் ஒதுங்கக் கழிப்பறை எங்கே, இருட்டினால் தெருவிளக்கு எதுவரை என்று சொல்வதில்லை.

வேலைக்குப் போக மட்டும் அனுமதித்த சாலையை நான் விடுதலை என்று ஏற்கமாட்டேன். தோழிகளே, காரணம் சொல்லாமல் கிளம்புங்கள்.