மாஞ்சோலை மலையில் பிறந்தவர்களின் பிரகடனம்

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய ஊர்களில் பிறந்து வளர்ந்த நாங்கள் இன்று ஓர் இயக்கமாகத் திரள்கிறோம். எங்கள் ஊர்கள் காலியாகின்றன. அவை காலியாகும் முறையை நாங்கள் ஏற்கவில்லை.

சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட ஏறத்தாழ 8,374 ஏக்கர் மலைக்காட்டில் தேயிலை நட்டவர்கள் எங்கள் தாத்தா பாட்டிமார். ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்குப் போனது, குத்தகை தொடர்ந்தது. அது 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், குத்தகை எடுத்த தோட்டக் கம்பெனி விருப்ப ஓய்வு என்று தாளை நீட்டியது. கையெழுத்துப் போட்ட பலருக்கு மலைக்குக் கீழே ஒரு சென்ட் நிலம் கிடையாது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீடு வேலையோடு ஒட்டியதாக இருந்தது. அப்பா ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் குடும்பத்துக்குக் கூரை நிலைத்தது. அந்தக் கூரைக்காகவே படிப்பை விட்டுத் தேயிலை நிரைக்குப் போனவர்கள் எங்களில் உண்டு. மழைக்குப் பாலிதீன் தாளைச் சுற்றிக்கொண்டு, கெண்டைக்காலில் ஏறும் அட்டையைப் பிய்த்துப் போட்டபடி கொழுந்து எடுத்தவர்களின் வீடுகளில் இப்போது பூட்டு தொங்குகிறது.

1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனோம். தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் பிணமானார்கள். அந்தப் பதினேழு உயிர்களின் மேல் நின்றுதான் பேசுகிறோம்.

எங்களை இறக்கினால் காடு மீளும் என்கிறார்கள். காட்டுக்கு நாங்கள் பகை இல்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும், சிங்கவால் குரங்குகள் வாழும் சோலையும், கீழே வயல்களை நனைக்கும் மணிமுத்தாறும் வாழ வேண்டும். ஆனால் ஆளை இறக்கிவிட்டால் மட்டும் சோலை திரும்பாது. கவாத்து இல்லாத தேயிலை மரமாக உயர்ந்து, அடர்ந்து, மற்றதை எளிதில் முளைக்கவிடாது. எந்தச் சரிவில் ஊற்று உண்டு, எந்த ஓடையோரம் எந்த மரம் நின்றது என்பதை எங்கள் பெரியவர்கள் அறிவார்கள். காட்டை மீட்கும் வேலையை எங்களுக்கு, நியாயமான கூலிக்குக் கொடுங்கள்.

மலையிறங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டாவோடு வீடும், பயிரிட நிலமும் வேண்டும். அடுக்குமாடியில் ஓர் அறையைக் காட்டிக் கணக்கை முடிக்க விடமாட்டோம். எங்கள் கல்லறைகளுக்கும் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஆண்டுதோறும் போய்வரும் உரிமை வேண்டும். சோதனைச்சாவடியில் கைகட்டி நின்று கேட்கும் சலுகையாக அல்ல. காட்டின் பேரால் எங்களை அனுப்பிவிட்டு, அதே லைன்களைச் சுற்றுலா விடுதிகளாக்கும் முயற்சி எதுவானாலும், யார் செய்தாலும், எதிர்ப்போம்.

இந்த இயக்கத்தில் சாதி, மதம், கட்சி பார்க்கமாட்டோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏறியவர்களும், கேரளத்திலிருந்து வந்து எங்களோடு நனைந்தவர்களும், இங்கே பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களும் எங்கள் உறுப்பினர்களே.

முதல் வேலையைத் தொடங்கிவிட்டோம். ஐந்து ஊர்களுக்கும் லைன்வாரியாகப் பேரேடு எழுதுகிறோம்: வீட்டில் இருந்தவர் யார், எத்தனை ஆண்டு உழைத்தார், இப்போது எங்கே வாடகைக்கு இருக்கிறார், மலையில் யாரைப் புதைத்திருக்கிறார். பழைய சம்பளச் சீட்டு, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் புகைப்படம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.