கறிவேப்பிலையில் ஒரு புழு



ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் ஆலைக் கழிவால் பாலாறு பட்ட பாடு நாடறிந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-லேயே சொன்னது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியதாயிற்று.

ஆறு மீளும்வரை சிற்றுயிர்கள் எங்கே போகும்?

வீட்டுக் கொல்லைக்குத்தான். கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது, கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கொம்பு நீட்டி மணம் வீசும். அதை நசுக்குவது அநியாயம். வேலியோர எருக்கை நம்பி வாழ்கிறது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். தேனீ வந்தால் காய் நன்கு பிடிக்கும்.

பாலாற்றங்கரைக் குடும்பங்கள் பூச்சிமருந்தைத் தவிர்த்து, எருக்கை வெட்டாமல், நிழலில் ஒரு தட்டுத் தண்ணீர் வைக்க வேண்டுகிறேன்.

— ஆம்பூர் வாசகர்