வெயிலுகந்த ஊரில் புல்தரை எதற்கு?

உப்பூர் பிள்ளையாரின் பெயரே வெயிலுகந்த விநாயகர். அவருக்கு வெயில் பிடிக்கும், புல்தரைக்குப் பிடிக்காதே! சினிமா பங்களாவைப் பார்த்த ஆசையில் வீட்டு வாசலில் கையகலப் புல்தரை போடுகிறார்கள். கோடை வந்தால் புல் கருகிவிடும், கோரையும் நெருஞ்சியும்தான் மிச்சம். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில், கோரைக்கா தண்ணீர் ஊற்றுவது?

பேசாமல் கொத்திவிட்டுச் சரளைக்கல் பரப்பலாம். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் பெத் சாட்டோ என்ற அம்மையார் 1990களின் தொடக்கத்தில் பழைய கார் நிறுத்துமிடம் ஒன்றைச் சரளைத் தோட்டமாக்கினார். செடி வேர் பிடித்தபின் அங்கே தண்ணீரே ஊற்றுவதில்லை. 2018-ல் அவர் மறைந்தார், தோட்டம் இன்றும் இருக்கிறது.

ஆனால் ஒன்று.. கோரைக்கிழங்கை முதலில் தோண்டி எடுத்தாக வேண்டும். விட்டுவைத்தால் கல்லுக்கு நடுவிலும் தலைநீட்டும். வெறும் கல்லாகவும் விடக்கூடாது, வாசல் அடுப்பாகிவிடும் (பாதம் பத்திரம்!). நித்தியகல்யாணி, கற்றாழை, ஆவாரை நடலாம். ஐப்பசி மழைக்கு முன் நட்டால் வேர் பிடிக்கும்வரை மழையே பார்த்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் சோம்பல்பட்டுச் சிலர் மொத்தமாகச் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அதற்கு அந்தக் கோரையே தேவலை. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் பெய்யும் மழையாவது மண்ணுக்குள் இறங்கும்.