‘ஒருவகைப் பூ’

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில், குறிஞ்சித்திணையைப் பற்றி எழுதுவோர் உலர்தாவரகங்களில் உள்ள குறிஞ்சித் தாள்களையும் பார்க்க வேண்டும் என்றேன். தலைமை வகித்த பேராசிரியர், “காய்ந்த சருகில் இலக்கியம் ஏதய்யா?” என்று சிரித்தார். அவையும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கே இப்பதில்.

அவர் சருகு என்றது எதை? பூவோடு கூடிய கிளையொன்றை அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டியிருப்பார்கள். மூலையில் ஒரு சீட்டு: பறித்தவர் பெயர், எண், நாள், இடம், சிலவேளை உயரம். கோவையில் சென்னை உலர்தாவரகம் (பெயர்தான் சென்னை), திருச்சி புனித வளனார் கல்லூரியில் பாதிரியார் கே.எம். மாத்யூ வளர்த்த ராபினாட் உலர்தாவரகம் எனப் பேருந்தேறிப் போகும் தொலைவில்தான் இவை இருக்கின்றன. நம் ஆய்வு மாணவர்களில் எத்தனை பேரை அங்கே அனுப்பினோம்? என் துறையின் கணக்கு பூஜ்யம். செடியின் பெயர் வந்தால் ‘ஒருவகைப் பூ’ என்று உரையெழுதிக் கடப்பதே நம் வழக்கம்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதைச் சங்கத் தமிழர் கண்டுபிடிப்பாக மேடைதோறும் முழங்குகிறோம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் குறிஞ்சியின் கரிய கொம்பு உண்டு, தேன் உண்டு, ஆண்டுக்கணக்கு இல்லை. நான் படித்த வேறெந்தச் சங்கப்பாட்டிலும் அதைக் கண்டதில்லை. மலைவாழ் மக்கள் அக்கணக்கைத் தம் வாழ்வில் வைத்திருந்தார்கள். எழுத்தில் நிறுத்தியவை 19ஆம் நூற்றாண்டு முதல் தேதியிட்டு வந்த குறிப்புகளும் தாள்களுமே. 1982, 1994, 2006, 2018 என நாம் எண்ணுவது அவ்வரிசையின் தொடர்ச்சி. தவிரவும், ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்துச் செடிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கில்லை. ஆண்டுதோறும் பூப்பது எது, காத்திருந்து பூத்து மடிவது எது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ‘குறிஞ்சி’ என்றெழுதுவது, பாடபேதம் பாராமல் ஏட்டைப் பதிப்பிப்பதற்கு ஒப்பு.

தாள்களை வேதமாக்கவும் நான் சொல்லவில்லை. பழைய சீட்டுகள் பலவற்றில் இடம் ‘நீலகிரி’, ‘பழனிமலை’ என்பதோடு சரி. சேகரித்தவர்கள் சாலைகளையும் கோடைவாசத் தலங்களையும் ஒட்டியே அதிகம் அலைந்தார்கள். பூவில்லாமல் இனங்காண்பது கடினம். ஆகவே பூத்த ஆண்டில் தாள் குவியும், இடையில் வெறுமை. தாள் இல்லாத இடத்தில் செடியே இல்லை என்பது அபத்தம். ராபர்ட் வைட்டின் நூல்களுக்கு ஓவியம் தீட்டிய ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயராவது தங்கியது. சரிவில் ஏறிச் செடி பறித்து வந்த கூலியாளின் பெயர் பெரும்பாலும் சீட்டில் ஏறவில்லை.

ஆயினும் வேறு சாட்சி எது? புல்வெளிகள் தேயிலையாகவும் சீகையாகவும் தைலமரமாகவும் மாறிவிட்ட மலையில், ‘இங்கே குறிஞ்சி இருந்ததே இல்லை’ என்று நாளை ஒருவர் சாதித்தால், மறுக்க நம் கையிலிருப்பது அந்தச் சீட்டுத்தான். 2018இல் எடுத்துக் குவித்த கைபேசிப் படங்களில் இடமும் நாளும் குறிக்காதவை அவ்வழக்கில் நில்லா.

அடுத்த பூப்பு 2030இல். என் மாணவர் இருவர் வரும் விடுமுறையில் திருச்சிக்குப் போகிறார்கள். சீட்டுகளின் ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கத் தாவரவியல் துறை நண்பரிடம் உதவி கேட்டிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.