ஆய்வுக்குக் காசு கொடுப்பது யார்?

ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவரே அதே கம்பெனிக்குக் கணக்கும் எழுதித் தரக் கூடாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144-வது பிரிவு இது. பி.காம் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான்.

நம்ம சேலம் - சென்னை எட்டுவழிச் சாலை மாதிரித் திட்டங்களில் என்ன நடக்கிறது? 2006 அறிவிக்கை நடைமுறையில், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை எழுதும் ஆலோசகரை நியமித்துச் சம்பளம் தருவது திட்டம் போடுபவரே. "இது வேண்டாம்" என்று எழுதினால் அவருக்கு அடுத்த வேலை கிடைக்குமா?

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் மாற்றியது. ஆனால் இந்த ஓட்டை அடைபடவில்லை.

கட்டணத்தைப் பொது நிதியில் கட்டட்டும். ஆலோசகரை வேறொரு அமைப்பு தேர்ந்தெடுக்கட்டும். கிணறும் தென்னையும் போகிற விவசாயி அப்போதுதான் அந்த அறிக்கையை நம்புவார். நீங்க என்ன சொல்றீங்க?