முதல் வண்டியே பழைய புல்லட்டா?

தாம்பரம் பக்கத்து வாலிபர்களைப் பிடித்து ஆட்டும் ஆசை ஒன்று உண்டு. அது பழைய புல்லட் ஆசை.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும். அதுவரை ஓட்டியது அக்காளின் ஸ்கூட்டர். அல்லது அப்பாவின் 100 சி.சி. வண்டி. ஒரு நாள் சேலையூர்ச் சாலையில் "டப், டப்" என்று ஒரு புல்லட் போகும். அவ்வளவுதான்! "பழைய புல்லட் எங்கே கிடைக்கும்?" என்று மறுநாளே விசாரணை தொடங்கிவிடும்.

வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால், முதல் வண்டியாக வாங்கக் கூடாது.

இப்படிச் சொன்னால் வாலிபர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படலாம்.

சென்னையில் வளர்ந்த வண்டி

புல்லட் மீது சென்னைக்காரர்களுக்குப் பாசம் இருப்பதில் நியாயம் உண்டு. அது பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில். "புல்லட்" என்ற பெயர் 1932-ல் வந்தது. ஆனால் வளர்ந்தது சென்னையில். எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் இந்த வண்டியை வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்துக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து "என்பீல்டு இந்தியா"வைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி படுத்துவிட்டது. திருவொற்றியூர் படுக்கவில்லை. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் மகள் வீட்டில் உலை கொதித்தது! 1994-ல் ஐஷர் கம்பெனியின் கைக்கு வந்தது. 2013-ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். தாம்பரத்தில் பஸ் ஏறினால் ஒரகடம் போய் இறங்கலாம். ஆக, புல்லட் நம் பக்கத்துச் சரக்கு.

பாசம் வேறு. பிரேக் வேறு.

கால் எங்கே போகும்?

2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை வந்த பெரும்பாலான புல்லட்டுகளில் கியர் வலது காலில் இருக்கும். பிரேக் இடது காலில் இருக்கும். இன்றைய மற்ற வண்டிகளுக்கு நேர்மாறு.

புதிதாக ஓட்டுகிறவர் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறார். குரோம்பேட்டையில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நிற்கிறது. பழக்க தோஷத்தில் வலது கால் அழுந்துகிறது. என்ன ஆகும்? வண்டி நிற்காது. கியர்தான் விழும்!

நிதானமாக இருக்கும்போது மூளை சொன்னதைக் கால் கேட்கும். பயந்துவிட்டால் கால் தன் பழக்கப்படிதான் போகும். இது கெட்டிக்காரத்தனத்தைப் பொறுத்த விஷயம் அல்ல.

சரி, 2010-ஐ ஒட்டி வந்த புது என்ஜின் புல்லட்டை வாங்கினால்? அதில் கியர் இடது காலில் இருக்கிறது. சில மாடல்களில் பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும். அவற்றைக் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டியது இல்லை. பழைய இரும்பு என்ஜினில் ஒரு சின்ன நெம்பை இழுத்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல மிதித்து, பிறகு ஓங்கி உதைக்க வேண்டும். நேரம் தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கிப் படுத்தவர்கள் உண்டு. அந்தத் தொல்லை புது என்ஜினில் இல்லை.

ஆனால் எடை? 100 சி.சி. வண்டியின் எடை ஏறக்குறைய 110 கிலோ. பழைய புல்லட் 160 கிலோவுக்கு மேல். புது என்ஜின் வண்டி அதைவிடக் கனம். 75 கிலோ அரிசி மூட்டை இரண்டைச் சக்கரத்தில் வைத்துத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது எடை தெரியாது. தாம்பரம் மார்க்கெட் சந்தில் திருப்பும்போது தெரியும். பின்னால் மனைவியும், மடியில் குழந்தையும் இருக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் "ஏ.பி.எஸ்." பிரேக் பழைய வண்டிகளில் கிடையாது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம் என்று சர்க்கார் ஆக்கியது 2018-ல். 2019 ஏப்ரல் முதல் அந்த வகையைச் சேர்ந்த எல்லாப் புது வண்டிகளுக்கும் அது வந்தது. மழையில் நனைந்த சாலையில் அதன் அருமை தெரியும்.

புல்லட் பிறந்த இங்கிலாந்தில் என்ன சட்டம் தெரியுமா? 17 வயதுப் பையனுக்கு 125 சி.சி. வரைதான் லைசென்சு. வயதும் பரீட்சையும் கூடக் கூடத்தான் பெரிய வண்டி. நம் ஊரிலோ 18 வயதில் கியர் வண்டி லைசென்சு வாங்கிவிட்டால் 100 சி.சி.யும் ஒன்றுதான், 350 சி.சி.யும் ஒன்றுதான். சட்டம் தடுக்கவில்லை என்பதால் வீட்டில் உள்ளவர்கள்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு வருஷம் சிறு வண்டியில் ஆபீஸ் போய் வரட்டும். ஒரு மழைக்காலத்தையும் பார்க்கட்டும். பிறகு புல்லட் எங்கே ஓடிவிடப் போகிறது?

பார்க்கப் போகும்போது

அந்த ஒரு வருஷம் முடிந்தவர்களுக்கு ஒரு யோசனை. வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் வண்டியின் ஜாதகம் இருக்கிறது.

தென் சென்னையில் இன்னொரு சோதனையும் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பர் புயலிலும் தண்ணீர் புகுந்தது. தண்ணீரில் நின்ற வண்டிகளைத் துடைத்து, பெயிண்டு அடித்தால் பளபள என்று இருக்கும். பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே துரு இருக்கிறதா? என்ஜின் ஆயில் பால் கலந்த காப்பி போல் இருக்கிறதா? ஸ்பீடாமீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறதா? இருந்தால், "வருகிறேன் அண்ணே" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கைக் கையோடு அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவு என்று நினைப்பவர்கள், பிறகு அதே மெக்கானிக்கிடம் பல மடங்கு கொடுக்கிறார்கள். சாமான்கள் புதுப்பேட்டையில் கிடைக்கும் என்பது உண்மைதான். கிடைப்பது வேறு. மாதா மாதம் வாங்குவது வேறு.

பெயர் யார் பெயர்?

வண்டியைவிடக் காகிதம் முக்கியம். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2009-ல் பதிவான வண்டிக்கு 2024-லேயே தவணை முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை அதே வேலை. புதுப்பிக்காத வண்டியை "விலை மலிவு" என்று தருவார்கள். மலிவுக்குக் காரணம் அதுதான்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கடன் பாக்கி இருந்தால், தீர்ந்ததற்குக் கடிதம் வேண்டும். 29, 30 எண் பாரங்களில் கையெழுத்து வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். இன்ஷூரன்சையும் தம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் கேட்க வேண்டும்.

இதை விற்கிறவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கார் ஒருவர் விற்க, பல கை மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. கார் விபத்தில் சிக்கியது. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவரே சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்று 2018-ல் தீர்ப்பு வந்தது. காரை விற்றுப் பணம் வாங்கி, மறந்தும் போயிருப்பார் அந்த மனிதர்!

ஆகவே முழுப் பணத்தையும் முதல் நாளே நீட்டாதீர்கள். ஒரு பகுதியைப் பெயர் மாற்றத்தன்று தருவதாகப் பேசுங்கள். ஒழுங்கான ஆசாமி ஒப்புக்கொள்வார். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்று தோளில் தட்டினால், பெருங்களத்தூரில் வேறு ஒருவர் இன்னொரு புல்லட்டை விற்றுக்கொண்டிருப்பார். அங்கே போய்ப் பாருங்கள்.